சூடானால் நிற்கும் வண்டி

கண்ணாடிக்காரர் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு சபதம் எடுத்தார். தலையே போனாலும் சரி, அந்தப் பட்டறைக்காரன் கை தன் காரின் மேல் படக் கூடாது.

அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். இருபது வருஷமாக ஊரார் கண்களைச் சோதித்து வருபவர். அவருடைய கார் வாங்கும்போதே வயதானது. இப்போது இரண்டு வாரமாக அதற்கு ஒரு புது வியாதி. காலையில் தொட்டவுடன் கிளம்பும். கால்மணி நேரம் சமர்த்தாக ஓடும். எஞ்சின் நன்றாகச் சூடானதும் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும். அப்புறம் கெஞ்சினாலும் நகராது. அரைமணி நேரம் ஆறவிட்டால், ஒன்றுமே நடக்காத மாதிரி மறுபடி கிளம்பும்.

நடுத்தெருவில் நின்று மானம் போனதுகூட அவருக்கு அவ்வளவு வலிக்கவில்லை. மனைவி சொன்ன யோசனைதான் வயிற்றெரிச்சலைக் கிளப்பியது.

“பேசாம பட்டறைக்காரர்கிட்ட விட்டுடுங்களேன். அவரு கை பட்டா போதும், பத்தே நிமிஷத்துல சரியாயிடும்.”

‘அவரு’! ஒரு வீட்டில் ஒரு ‘அவரு’தானே இருக்க முடியும்? பதினெட்டு வருஷமாக அந்தப் பதவியை வகிப்பவர் இவர். கட்டின புருஷன் எதிரிலேயே அதைத் தூக்கி யாரோ ஒரு கிரீஸ் கைக்காரனுக்குக் கொடுத்துவிட்டாளே!

ஒரு மாதமாகவே இந்தப் புகழ்மாலை நடக்கிறது. “பட்டறைக்காரரு சாப்பிட்டதும் எல்லாருடைய பாத்திரத்தையும் தானே கழுவிடுவாராம்” என்றாள். இவர் அன்றைக்கே கழுவினார். “துணியெல்லாம் அவருதான் மடிப்பாராம்.” இவர் மடித்து, இஸ்திரியும் போட்டார். “அவரு காய் நறுக்கினா எல்லாத் துண்டும் ஒரே அளவா இருக்குமாம்.” இவர் கண்ணாடி அளக்கும் ஸ்கேலைக் கடையிலிருந்து கொண்டுவந்து, பீன்ஸை அளந்து நறுக்கினார்.

இதெல்லாம் இவளுக்கு எப்படித் தெரியும்? அவன் வீட்டு அடுப்படிவரை இவளுக்கு எப்படி அத்துப்படி? கேட்டால் பொறாமை என்று தெரிந்துவிடும். கேட்காவிட்டால் தூக்கம் வராது. அவர் கேட்கவும் இல்லை, தூங்கவும் இல்லை.

“வண்டியை நானே பாத்துக்கறேன்” என்று சட்டையை மடித்துவிட்டுக்கொண்டார். “நீ உள்ள உக்காந்து, நான் சொல்லும்போது சாவியைத் திருப்பு.”

அவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். ஒவ்வொரு கண்ணாடி வில்லையாக மாற்றி மாற்றிப் போட்டு, எது தெளிவு என்று கேட்பது. எஞ்சினுக்கும் அதையே செய்தார். பேட்டரி முனையைத் துடைத்தார்.

“இப்ப நல்லா இருக்கா, முன்னாடி நல்லா இருந்துச்சா?”

“ரெண்டும் ஒரே மாதிரிதாங்க இருக்கு.”

பெட்ரோல் பில்டரை மாற்றினார். “இப்ப?”

“அப்படியேதாங்க இருக்கு.”

“சரியா கவனிச்சுச் சொல்லு. அவசரப்படாதே.”

“நான் என்ன எழுத்தா படிக்கறேன், கவனிச்சுச் சொல்ல?”

பிளக்கிலிருந்து ஒயரைக் கழற்றி, பொறி வருகிறதா என்று பார்த்தார். நன்றாகவே வந்தது. அவர் விரலில் வந்தது. “ஐயோ!” என்று வேலிவரை துள்ளிப் போய் விழுந்தார்.

மனைவி ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். “ஆறிக்கிடக்கற வண்டியில என்னத்தைக் கண்டுபிடிப்பீங்க? சூடாகி நிக்குதில்ல, அந்த நிமிஷமே பாக்கணும். அவரு அப்படித்தான் பாப்பாராம்.”

அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதைவிடப் பெரிய வேதனை, அது சரியான யோசனை.

கருவிப் பையைப் போட்டுக்கொண்டு தனியாகக் கிளம்பினார். வண்டியைச் சூடாக்க எந்தத் தெருவிலும் ஓட்டியிருக்கலாம். கை தானாகவே பட்டறைத் தெருவுக்குத் திருப்பியது. அப்படி என்னதான் அழகன் அவன், மூஞ்சியை ஒரு தடவை பார்த்துவிடலாமே! முதல் சுற்றில் முதுகு மட்டும் தெரிந்தது. இரண்டாவது சுற்றில் ஒரு லாரி மறைத்தது. மூன்றாவது சுற்றில் நன்றாக எட்டிப் பார்ப்பதற்காக வேகத்தைக் குறைத்தார். பட்டறை வாசலுக்கு நேர் எதிரில் வண்டி ஒரு விக்கல் விக்கி நின்றது.

உள்ளேயிருந்து வந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். வழுக்கை, தொப்பை. கண்ணாடிக்காரருக்குப் பாதி உயிர் வந்தது. ஆனால் வந்தவரோ இவரை மேலும் கீழுமாக முறைத்தார்.

“நீங்கதானா அந்தக் கண்ணாடிக்கடைக்காரர்?”

“ஆமா. ஏன்?”

“ஒண்ணுமில்ல. நீங்களே பாத்துக்குவீங்களாமே, பாருங்க.” கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றுவிட்டார்.

இவர் மூடியைத் தூக்கினார். எஞ்சின் கொதித்துக்கொண்டிருந்தது. பெட்ரோல் வருகிறதா? வருகிறது. பொறி வருகிறதா? அதைப் பார்க்க யாராவது சாவியைத் திருப்ப வேண்டும். தெருவில் வேறு ஆளே இல்லை. அவர் வாழ்க்கையிலேயே மிகவும் கஷ்டமான வாக்கியத்தைச் சொன்னார்.

“கொஞ்சம் சாவியைத் திருப்பறீங்களா?”

பட்டறைக்காரர் திருப்பினார். இந்தத் தடவை ரப்பர் பிடியில் பிடித்திருந்த ஒயரின் முனையில் ஒரு மினுக்குக்கூட இல்லை.

“காலையில பொறி இருந்துச்சா?” என்றார் பட்டறைக்காரர், ஆவலை அடக்க முடியாமல்.

“பிரமாதமா இருந்துச்சு. இன்னும் விரல் வலிக்குது.”

“ஆறினா பொறி வருது, சூடானா இல்ல. அப்ப பொறிக்குக் கரண்ட் குடுக்கற இக்னிஷன் காயில்தான் கோளாறு. சூட்டுல அதுக்குள்ள இருக்கற கம்பி விட்டுப்போகும், ஆறினா ஒட்டிக்கும்.” ஒரு ஈரத்துணியைக் கொண்டுவந்து அந்தக் காயில்மேல் சுற்றினார். ஐந்து நிமிஷம் பொறுத்துச் சாவியைத் திருப்பினார். வண்டி உறுமிக்கொண்டு கிளம்பியது.

கண்ணாடிக்காரர் வாயைத் திறப்பதற்குள் பட்டறைக்காரர் பெருமூச்சு விட்டார். “என் சம்சாரம் சொன்னது சரிதான். எதையும் முறையாப் பண்ற மனுஷன் நீங்க. சார், உங்களால என் நிம்மதியே போச்சு.”

“என்னாலயா?”

“நாள்பூரா உங்க புராணம்தான். அவரு கல்யாண நாளை மறக்கவே மாட்டாராம். பொண்டாட்டி பேசும்போது குறுக்கே பேச மாட்டாராம். தினம் பாத்திரம் கழுவுவாராம்.”

“நீங்க கழுவறீங்கன்னு கேட்டுத்தானே நான் கழுவ ஆரம்பிச்சேன்!”

“நீங்க கழுவறீங்கன்னுதானே நான் ஆரம்பிச்சேன்!”

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“என் மனைவியை உங்களுக்குத் தெரியுமா?” என்றார் கண்ணாடிக்காரர் மெல்ல.

“பார்த்ததே இல்ல சார். உங்க வீட்டுல புதன்கிழமை எங்க போறாங்க?”

“தையல் வகுப்புக்கு.”

“எங்க வீட்டுலயும்தான். இதுவரைக்கும் ஒரு தலையணை உறையாவது தைச்சாங்களா?”

“இல்லையே.”

பட்டறைக்காரர் புதுக் காயிலைப் பொருத்திக் கொடுத்தார். அந்த ஒரு மணி நேரத்தில் இருவரும் உயிர்த்தோழர்கள் ஆகிவிட்டார்கள். போன் எண்களை மாற்றிக்கொண்டார்கள். இன்று முதல் இரண்டு வீட்டிலும் ஆண்கள் ஒரு கரண்டியைக்கூடத் தொடுவதில்லை என்று கைமேல் அடித்து ஒப்பந்தம் போட்டார்கள்.

கண்ணாடிக்காரர் ஹாரனை அடித்துக்கொண்டே வீடு வந்தார். மதியச் சாப்பாடு முடியும்வரை பொறுத்தார். பிறகு எழுந்து நின்று முழங்கினார். “எல்லாம் தெரிஞ்சுபோச்சு! ரெண்டு பேரும் சேர்ந்து எங்களை முட்டாளாக்கினது தெரிஞ்சுபோச்சு! இனி நான் ஒரு தட்டைக்கூடத் தொட மாட்டேன்!”

மனைவி மறுக்கவே இல்லை. “சரிங்க. நானே கழுவிக்கறேன்” என்றாள். இரண்டடி வைத்துத் திரும்பினாள். “பாவம், அவரு.”

“எந்த அவரு?”

“பட்டறைக்காரர்தான். வீறாப்பா வீட்டுக்குப் போனாராம். சம்சாரம் தனியா நின்னு கழுவறதைப் பாத்ததும் மனசு கேக்கலையாம். இப்ப மொத்தப் பாத்திரத்தையும் அவருதான் தேய்க்கறாராம். தங்கமான மனுஷன். அந்தம்மா இப்பதான் போன் பண்ணினா.”

“பொய்!”

“அப்படின்னா விடுங்க.”

அவர் விட்டுவிட்டார். கால்மணி நேரம் தாக்குப்பிடித்தார். பிறகு பொறுக்க முடியாமல் பட்டறைக்காரருக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் குழாய்த் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது.

“யோவ், என்னய்யா இது? ஒப்பந்தம் என்ன ஆச்சு?”

“நீங்க பேசாதீங்க சார்! போனதும் போகாததுமா நீங்க கழுவ ஆரம்பிச்சிட்டீங்கன்னு என் சம்சாரம் சொன்னா. அதுக்கப்புறம்தான் நான் கையே வெச்சேன்.”

“சுத்தப் பொய்! நான் எதுக்குய்யா கழுவப் போறேன்?” என்று கண்ணாடிக்காரர் கத்தினார். போனை அவர் காதோரம் பிடித்துக்கொண்டிருந்தவள் மனைவிதான். அவருடைய இரண்டு கையிலும் சோப்பு நுரை.