பெர்கனுக்குப் போன சோஃபா

பிரிஸ்பேன்,
நவம்பர், வியாழக்கிழமை.

அன்பும் மரியாதையும் மிக்க மெர்வ் மாமாவுக்கு,

உங்கள் தங்கை மகள் டாம்சின் எழுதுகிறேன். நான் நலம். அம்மா நலம், அவள் முழங்கால் மட்டும் அவ்வளவு நலமில்லை. ஹெர்வி பேயில் உங்கள் உடம்பைக் கடற்காற்று பார்த்துக்கொள்ளும் என்று நம்புகிறேன். மீன் விழுகிறதா? இங்கே ஜகரண்டா பூத்து முடிந்து நடைபாதையெல்லாம் ஊதாச் சேறு. தேர்வுக்கு ஓடும் பிள்ளைகள் வழுக்கி விழுகிறார்கள். நான்கு மணிக்கு இடி இடிக்கிறது. எல்லாம் வழக்கம்போல்.

ஒன்றைத் தவிர.

மாமா, மேற்கொண்டு உட்கார்ந்துகொண்டு படியுங்கள். உங்களுக்காவது உட்கார ஓர் இடம் இருக்கும். எங்களுக்கு இல்லை. நம் பல்கலைக்கழக அருங்காட்சியகத்துத் தேநீர் அறையில் இருந்த பழுப்பு சோஃபா இப்போது நார்வேயில் இருக்கிறது.

எப்படிப் போனது என்று வரிசையாகச் சொல்கிறேன். நார்வேயிலிருந்து சிசெல் என்றொரு கலைஞர் வந்திருந்தார், காத்திருத்தலைப் பற்றி ஏதோ செய்யப் போகிறேன் என்றார், அதற்கு ஊராரிடம் நாற்காலி இரவல் கேட்டார், பல் மருத்துவர் ஒன்று கொடுத்தார், மாதாகோவிலிலிருந்து பெஞ்சு வந்தது, கிரிக்கெட் மன்றத்திலிருந்து வெயிலில் வெளுத்த பிளாஸ்டிக் நாற்காலிகள், எல்லாவற்றையும் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தார், ஆனாலும் நடுவில் ஏதோ குறைகிறது என்று இரண்டு நாள் சாப்பிடாமல் நடந்தார், திறப்பு விழாவுக்கு முந்தைய நாள் வெந்நீர் கேட்டுத் தேநீர் அறைக்கு வந்தவர் சோஃபாவைப் பார்த்து நின்றார். கையிலிருந்த தேநீர் ஆறிப்போகும்வரை நின்றார்.

"இது யாருது?"

"எல்லாருதும்தான்" என்றேன்.

அன்று சாயங்காலமே அது பெரிய அறைக்குப் போய்விட்டது. நான் சாண்ட்விச்சை நின்றுகொண்டு தின்றேன்.

உண்மையைச் சொல்கிறேன். கண்காட்சி விளக்கின் கீழ் அதை முதல்முறை பார்த்தபோது எனக்கு அழுகை வந்தது. அதை முழுதாகப் பார்த்ததே அன்றுதான். எப்போதும் யாராவது மேலே இருப்பார்களே.

பள்ளி விடுமுறையில் அம்மா என்னை அங்கே வேலையிலிருந்த உங்களிடம் விட்டுவிட்டு ஆஸ்பத்திரி வேலைக்குப் போவாள். எதுவுமே தங்காத ஓர் அருங்காட்சியகத்தில் நான் வளர்ந்தேன். ஒருமுறை அறை முழுக்க உப்பு. அடுத்த விடுமுறையில் உப்பு இல்லை. குடைகளால் செய்த திமிங்கலம். அப்புறம் அதுவும் இல்லை. எங்கே போனது என்று கேட்பேன். "வந்த வழியே போயிருச்சு கண்ணு" என்பீர்கள், கையில் சுத்தியலோடு. எல்லாம் இறக்கி அனுப்பிய சாயங்காலம் நாம் மூவரும் அந்த சோஃபாவில் உட்கார்ந்து, செய்தித்தாளில் இறாலைக் கொட்டி உரித்துத் தின்போம், திறந்த கதவு வழியே வெள்ளைச் சுவரைப் பார்த்துக்கொண்டு. க்ளெனிஸ் அத்தை முன்மேசை வேலையை முடித்துச் செருப்பைக் கழற்றிவிட்டு, "இதான் இந்த வருஷத்துலயே நல்ல கண்காட்சி, ஒண்ணுத்துக்கும் பேர் எழுதி ஒட்ட வேணாம்" என்பாள்.

வெள்ளம் வந்த ஆண்டு மற்ற அருங்காட்சியகங்கள் ஓவியங்களைத் தூக்கிக்கொண்டு ஓடின. நம்மிடம் தூக்க ஒன்றுமில்லை. நீங்களும் அத்தையும் சோஃபாவை மாடிக்குத் தூக்கினீர்கள்.

இப்போது அத்தையும் இல்லை. அதனால்தான், அடுத்த சனிக்கிழமை நாற்பதாம் ஆண்டு விழாவுக்கு அழைத்தபோது, பேச்சு வேண்டாம், கேக் வேண்டாம், சோஃபாவில் கொஞ்ச நேரம் உட்கார விட்டால் போதும் என்று நீங்கள் சொன்னது எனக்கு ஒரு வாரமாகத் தூக்கத்தைக் கெடுக்கிறது.

சிசெலின் கண்காட்சியைக் கழற்றி அனுப்பிய நாளுக்கு வருகிறேன். எங்கள் புது இயக்குநர் ரோசலிண்டை உங்களுக்குத் தெரியாது. மெல்போர்ன்காரர். கெட்டவர் இல்லை. ஆனால் வந்தது எல்லாம் போக வேண்டும் என்ற நம் விதியை உங்களைவிட அதிகமாக நேசிக்கிறார். சரக்கு வண்டி ஓட்டுகிற சியோனே உங்களுக்குத் தெரிந்தவர்தான். சோஃபாவின் ஒரு முனையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"தங்கச்சி, இந்தக் கிழட்டு யானை எங்க போவணும்?"

"அது எங்கயும் போவாது அண்ணே. அது நம்ம சோஃபா."

ரோசலிண்ட் திரும்பினார். "நம்மதுன்னு இங்க ஒண்ணும் கிடையாது டாம்சின். காட்சியில இருந்துச்சா, இல்லையா?"

"இருந்துச்சு. ஆனா..."

"அப்ப அந்த நார்வே அம்மா சாமானோட போகுது. ஆனாவையெல்லாம் அடுத்த வாரம் பேசலாம்."

"நாலு பேர் உள்ள உக்காந்திருக்கிற மாதிரி கனக்குது" என்றார் சியோனே. வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு தூக்கினார்கள். அளவெடுத்துச் செய்த மரப்பெட்டி. கசங்காத தாள். நீங்கள் காப்பி கொட்டிய இடத்தைக்கூடப் படம் எடுத்துக் குறித்தார்கள், வழியில் புதுக் கறை வந்தால் தெரிய வேண்டுமாம். அங்கே போய் இறங்கியதும் உள்ளேயிருந்து நம் ஊர் எறும்புகள் வெளியே வந்திருக்கின்றன. உடனே எறும்புகள் சாக, சோஃபாவை ஒரு குளிர்ப்பெட்டி அறையில் போட்டு உறைய வைத்தார்களாம். குயின்ஸ்லாந்து சோஃபா, மாமா. அது பாவம் ஸ்வெட்டர்கூடப் பார்த்ததில்லை.

மற்ற நாற்காலிகள் இரவல் கொடுத்தவர்களிடமே திரும்பிவிட்டதால் சிசெலிடம் மிஞ்சியது சோஃபா ஒன்றுதான். தனியாக வைத்தால் இன்னும் நன்றாக இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டார். நார்வேயில் பெர்கன் நகரத்து அருங்காட்சியகம் அதை வாங்கிவிட்டது. நிரந்தரச் சேகரிப்பில்.

நாற்பது ஆண்டாக நிரந்தரச் சேகரிப்பே வேண்டாம் என்றிருந்த நாம் அடுத்தவர் சேகரிப்புக்குச் சீர் அனுப்பியிருக்கிறோம்.

நான் பெர்கனுக்குத் தொலைபேசியில் பேசினேன். இங்வில் என்றொரு பெண், பொருள்களுக்குப் பொறுப்பாளர்.

"அது எங்க தேநீர் ரூம் சோஃபாங்க" என்றேன்.

"அப்படியா! உங்க அருங்காட்சியகத்தோட சொத்தா?"

"எங்க அருங்காட்சியகத்துக்குச் சொத்தே கிடையாதுங்க."

"அப்ப அது உங்களுது இல்ல."

"இல்ல. ஆனா எங்களுதுதான்."

"நீங்க சொல்றது எனக்குப் புரியுது. எங்க வக்கீலுக்குத்தான் புரியாது" என்றாள். நல்ல பெண்.

பல்கலைக்கழகச் சொத்துப் பிரிவில் கேட்டேன். அங்கிருந்தவர் கணினியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "உங்க பேர்ல ஒரு ஸ்பூன்கூட இல்லம்மா, காணாமப் போறதுக்கு வழியே இல்ல, ரொம்ப சுத்தம், வாழ்த்துகள்" என்றார். நீங்கள் வரப்போவதைக் கேட்டதும் ரோசலிண்டின் முகம் வெளுத்துவிட்டது. "முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?" என்றார். "ஆனான்னு ஆரம்பிச்சேனே" என்றேன். பாவம், சொந்தக் காசில் சாம்பல் நிறத்தில் ஒரு புது சோஃபா வாங்கிப் போட்டிருக்கிறார். யாரும் உட்காரவில்லை. நேற்று கதவு திறந்திருந்த நேரம் ஓர் ஐபிஸ் பறவை வந்து உட்கார்ந்தது. குப்பைத் தொட்டியில் அலைகிற அதுவே கொஞ்சம் யோசித்துவிட்டு எழுந்து போய்விட்டது.

ஆகவே மாமா, ஒரே வழிதான் மிச்சம். தனி ஆள் ஒருவர் அது என்னுடையது, இன்ன இடத்தில் வாங்கினேன் என்று சொன்னால் திருப்பி அனுப்பிவிடுகிறோம் என்கிறாள் இங்வில். இங்கே அந்த ஆள் நீங்கள்தான். அதை எந்தக் கடையில் வாங்கினீர்கள்? யார் வீட்டிலிருந்து கொண்டுவந்தீர்கள்? இரண்டு வரி எழுதுங்கள். சனிக்கிழமைக்குள் அது வந்து சேராது. ஆனால் வந்து சேரும். அதுவரை என்மேல் கோபப்படாதீர்கள். பட்டாலும் விழாவுக்கு வந்து படுங்கள்.

தூண்டிலில் தினமும் ஏதாவது மாட்டட்டும். முதுகுவலி அண்டாமல் இருக்கட்டும். அம்மா தன் அன்பையும், முழங்காலைப் பற்றிய முழு விவரத்தையும் தனியாகச் சொல்வாள்.

என்றும் உங்கள்,
டாம்சின்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் நீங்களே கூப்பிட்டுவிட்டீர்கள். அம்மா முந்திக்கொண்டு உங்களிடம் சொல்லிவிட்டாள். மேலே எழுதியதெல்லாம் வீண். இருந்தாலும் அனுப்புகிறேன். நீங்கள் சொன்னதை ஒருமுறை என் கையால் எழுதிப் பார்க்க வேண்டும்.

கோபப்படுவீர்கள் என்று தொலைபேசியைக் காதிலிருந்து தள்ளி வைத்துக்கொண்டேன். நீங்கள் இருமும்வரை சிரித்தீர்கள். "அது சோஃபாவே இல்ல கண்ணு" என்றீர்கள். நம் முதல் கண்காட்சிக்கு பெர்த்திலிருந்து வந்த ஒருவர் தன் கையால் செய்த சிற்பமாம். முடிந்ததும் தூக்கிப் போட்டுவிடுங்கள் என்று சொல்லி விமானம் ஏறிவிட்டாராம். விதிப்படி அது போயாக வேண்டும். நீங்கள் குப்பை வண்டியைக் கூப்பிட்டீர்கள். அத்தை போய் அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"'ஒருத்தி உக்காந்துட்டா அப்புறம் அது கலையில்ல மெர்வ், சோஃபா. சோஃபாவுக்கு விதி கிடையாது'ன்னா. அன்னியிலேருந்து எந்த அதிகாரி வந்தாலும் ஓடிப்போய் உக்காந்துக்குவோம்."

நானும் சிரித்தேன். பிறகு, இனி பெர்கனிடம் என்ன சொல்வது என்று கேட்டேன். நீங்கள் வேறொன்று கேட்டீர்கள்.

"அங்க அதுமேல யாராச்சும் உக்கார்றாங்களா?"

"இல்ல மாமா. தொடக்கூட விடமாட்டாங்க."

"எத்தனை நாளைக்கு?"

"நிரந்தரச் சேகரிப்பு மாமா. எப்பவுமே."

"இடது பக்கம் கொஞ்சம் பள்ளமா இருக்குமே."

"ஆமா. அவங்க அனுப்புன படத்துல தெரியுது."

"அவ இடம் அது."

நான் அந்தப் படத்தை எடுத்து இன்னொரு முறை பார்த்தேன். நீங்கள் தொடர்ந்தீர்கள்.

"திருப்பிக் கேக்காத கண்ணு. இங்க வந்துச்சுன்னா பசங்க உக்காந்து உக்காந்து அந்தப் பள்ளத்தைச் சமமாக்கிருவானுங்க. அங்கயே இருக்கட்டும். சனிக்கிழமை நான் நின்னுக்கிறேன்."