கறுப்புத் துணிக்குள் தலையை விட்ட மாப்பிள்ளை

அன்பும் மதிப்பும் நிறைந்த லூயெல்லா அக்காவுக்கு, தம்பி ஆர்வில் எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. பொய்யெழுதித் தபால்தலையை வீணாக்க மனம் வரவில்லை. ஃப்ரெஸ்னோவில் நீயும் அத்தானும் நலமாகவே இருப்பீர்கள். உங்கள் வீட்டில்தான் கல்யாண வயதில் பெண் இல்லையே.

நம் டார்சி ஒருவனைக் கட்டிக்கொள்ளப் போகிறாளாம். பெயர் எமெட். மீன் பண்ணையில் வேலை, குடி கிடையாது, ஆளும் பார்க்கச் சுமாராக இருக்கிறான். எல்லாம் சரி, ஆனால் பையனுக்குப் பழங்காலத்து ஃபிலிம் கேமராவில் போட்டோ எடுக்கிற பித்து. மரப்பெட்டி, தோல் துருத்தி, முக்காலி, கறுப்புத் துணி என்று ஒரு குடித்தனத்துக்கான சாமானை முதுகில் கட்டிக்கொண்டு மலையேறி, நாளெல்லாம் உட்கார்ந்திருந்து, ஒரே ஒரு படம் எடுத்துக்கொண்டு இறங்குவானாம். சில நாள் அதுவும் இல்லையாம்! கணவாய்ப் பாதையில் பனி தள்ளும் வண்டி ஓட்டின காலமெல்லாம், நடுரோட்டில் முக்காலியை நட்டுவிட்டு மலையைப் பார்த்து வாய் பிளந்து நிற்கிற இந்தக் கூட்டத்தை ஹாரன் அடித்து விரட்டியவன் நான். அதில் ஒன்று இப்போது என் வீட்டுக்கே மாப்பிள்ளையாக வருகிறது.

ஈஸ்டர் அன்று சாப்பிட வந்தவன், "குடும்பத்தோட ஒரு படம் எடுத்துத் தரேன் சார்" என்றான். ஒரு நிமிஷ வேலைதானே என்று நானும் நோரீனும் டார்சியும் கொல்லைப்புறம் போய் நின்றோம். துணிக்குள்ளே தலையை விட்டவன்தான், வெளியே வரக் காணோம். உள்ளே ஒரு மங்கல் கண்ணாடியாம், அதில் நாமெல்லாம் தலைகீழாகத் தெரிவோமாம். பெண்ணைப் பெத்தவனைத் தலைகீழாப் பாக்கறவன் நாளைக்கு எனக்கு என்ன மரியாதை தருவான், சொல்லு. கடைசியில் தலையை நீட்டி, "வெளிச்சம் இன்னும் வரல சார்"ங்கறான். உச்சி வெயில் மண்டையைப் பிளக்குது, இவனுக்கு வெளிச்சம் வரலையாம்! உள்ள ஈஸ்டர் ஹாம் கறி ஆறிப்போகுது, பசி காதை அடைக்குது, காத்து வேற தொப்பியைப் பிடுங்குது. நான் முணுமுணுத்தேன். உடனே என் தர்மபத்தினி நோரீன், "பேசாம நில்லுங்க. நீங்க வச்சிருக்கிற மூஞ்சிக்கு வர்ற வெளிச்சமும் திரும்பிப் போயிடும்"கறா.

ஒருவழியா வெயில் சாஞ்சுது. "அசையாதீங்க"ன்னான். மூச்சைக்கூட விடாம நின்னோம். டிக். முடிஞ்சுதுன்னு நான் சாப்பாட்டைப் பாக்க ஓடினா, "மன்னிக்கணும் சார், ஃபிலிமுக்கு முன்னாடி இருக்கிற மூடித் தகட்டை உருவ மறந்துட்டேன்"ங்கறான். மறுபடி நின்னோம். இந்தத் தடவை உருவினான், எடுத்தான். அதோட விட்டானா? "நீங்களும் டார்சியும் மட்டும் ஒண்ணு." அதையும் எடுத்துட்டுத் தலையில கைவச்சு உக்காந்துட்டான். எடுத்து முடிச்சதும் அந்தத் தகட்டைப் பக்கம் திருப்பிச் சொருகணுமாம், அப்பத்தான் இந்த ஃபிலிம் ஆயிடுச்சுன்னு அடையாளமாம். ஐயா திருப்பல. ஒரே ஃபிலிம்ல ரெண்டு படத்தையும் ஒண்ணுமேல ஒண்ணா எடுத்துத் தொலைச்சிட்டான்!

எனக்கு வந்துதே கோபம். "போனை எடுத்தோமா, அமுக்கினோமான்னு இல்லாம எதுக்குடா இந்தக் கூத்து?"ன்னு கத்திட்டேன். அவன் அலட்டிக்கல. "ஒரு ஃபிலிம்தான் இருக்குன்னா சார், அப்பதான் ஒழுங்காப் பாக்கவே செய்யறோம்"னான். அப்போ மத்த நாளெல்லாம் கண்ணை மூடிக்கிட்டா இருந்தான்? டார்சி குறுக்கே வந்து, "அவர் தப்பு பண்ணினா உடனே ஒத்துக்கறாருப்பா. நம்ம வீட்ல யாரு ஒத்துக்கறா?"ன்னா. ஒத்துக்கறதுக்குன்னே தப்பு பண்றான் அக்கா அவன்! சொன்னா என்மேல பாயறா. நீ சொன்னா மட்டும்தான் கேப்பா. உடனே அவளுக்குப் போன் போட்டு இந்தச் சம்பந்தம் வேணாம்னு சொல்லு. ஒரே பொண்ணு, இவன் பின்னாடி முக்காலி தூக்கிக்கிட்டு அலையறதை என்னால பாக்க முடியாது.

உன் முழங்கால் வலியும் அத்தானின் வாயும் குறைய ஆண்டவன் அருள் புரியட்டும்.

பாசமுள்ள தம்பி,
ஆர்வில்

பி.கு.: ஒட்டின உறையைக் கிழித்து இதை எழுதுகிறேன். போன் போட்டுடாதே. அந்தப் பாழாப்போன படத்தைக் கழுவி இன்னைக்குக் கொண்டுவந்து குடுத்தான். நான் உர்ருன்னு நிக்கறேன், என்மேலேயே இன்னொரு நான் டார்சியைப் பாத்துச் சிரிக்கிறேன். சிரிக்கவே இல்லைன்னு சத்தியம் பண்ணியிருப்பேன். என் பொண்ணை நான் அப்படிப் பாக்கறேன்னு எனக்கே தெரியாது அக்கா. அப்புறம் என்னதான் இருக்குன்னு அவன் கொண்டுவந்திருந்த கேமராத் துணிக்குள்ள தலையை விட்டேன். வெளியே வர்றப்ப இருட்டிப்போச்சு, நோரீன் சாப்பிட்டு முடிச்சிருந்தா. ஜூன்ல கல்யாணம். எமெட் மாப்பிள்ளையா நிக்கணும், அதனால படம் எடுக்கப் போறது நான். தேவாலயத்துல அப்பன் எனக்குப் பதிலா டார்சி கையைப் பிடிச்சு அழைச்சுக்கிட்டு வர அத்தானை நல்ல கோட்டாப் பாத்து எடுத்து வச்சுக்கச் சொல்லு. அந்த நேரம் நான் துணிக்குள்ள இருப்பேன்.