ஒரு வாளித் தண்ணீரில் மாமனார் கார்

புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்ட மனிதனைப் போல ஆபத்தான பிராணி உலகில் கிடையாது. கற்றதை அவன் சொந்தப் பொருளில் செய்து பார்த்துவிட்டுச் சும்மா இருக்கமாட்டான். அடுத்தவர் பொருளில் செய்து காட்டினால்தான் அவனுக்குத் தூக்கம் வரும். நான் அப்படி அலைந்த காலத்தில் கற்றிருந்த வித்தை, குழாயைத் திறக்காமல் கார் கழுவுவது.

பிரிக்பீல்ட்ஸில் நான் வாடகைக்கு இருந்த கொண்டோ அடுக்குமாடியில், கார் பார்க்கில் வண்டி கழுவத் தடை. நிர்வாகம் மலாயிலும் ஆங்கிலத்திலும் சீனத்திலும் எழுதி மாட்டியிருந்தது. (தமிழில் எழுதவில்லை. எழுதினாலும் கேட்கமாட்டோம் என்று விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது.) இதற்கு வழி தேடி இணையத்தில் வீடியோ பார்க்கப் போய்த்தான் 'ரின்ஸ்லெஸ் வாஷ்' என்ற மருந்து எனக்கு அறிமுகமானது. ஒரு வாளித் தண்ணீரில் ஒரு மூடி ஊற்ற வேண்டும். அதில் ஊறிய மைக்ரோஃபைபர் துணியால் காரைத் துடைத்து, காய்ந்த துணியால் ஈரத்தை ஒற்றி எடுத்தால் வேலை முடிந்தது. மறுபடி தண்ணீர் விட்டு அலச வேண்டியதில்லை. தூசியை மருந்து வழுக்கிக்கொண்டு போகச் செய்வதால் பெயிண்டில் கீறல் விழாது.

விழாது என்றால், ஒழுங்காகச் செய்தால் விழாது. துணியை மடித்து வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகத் திருப்ப வேண்டும். அழுக்கான பக்கம் மறுபடி காரைத் தொடக்கூடாது. கூரையில் தொடங்கிக் கீழே வர வேண்டும். வெயிலில் செய்யக்கூடாது. சேறு அப்பிய வண்டி என்றால் முதலில் தண்ணீர் பீய்ச்சிச் சேற்றை இறக்காமல் துணியை வைக்கவே கூடாது. இதையெல்லாம் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் விளக்கி விளக்கி, கடைசியில் தனியாகச் சாப்பிடும் நிலைமைக்கு வந்திருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் கிள்ளானில் என் கல்யாணம் இழுபறியில் கிடந்தது. சுகந்தியும் நானும் விரும்பினோம். அவள் அம்மாவுக்கு என்னைப் பிடித்திருந்தது. அப்பா மாணிக்கம்தான் பிரச்சினை. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்குள் பேசினாலும் கடைசிப் பெட்டிவரை கேட்க வேண்டும் என்ற கணக்கில்தான் பேசுவார். முதல் தடவை நான் போய்ப் பேசியபோது "யோசிச்சுச் சொல்றேன்" என்றார். மாதக்கணக்கில் யோசித்துக்கொண்டே இருந்தார்.

யோசனைக்கு நடுவே ஒரு புதுக் காரும் வாங்கினார். அவர் வாழ்க்கையில் முதல் புத்தம்புதுக் கார். அடர் நீலம். கோயிலில் பூஜை போட்டு, சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் நசுக்கி, முன்பக்கம் சந்தனமும் குங்குமமும் வைத்துக் கொண்டு வந்தார். ஒரு வாரம் கழித்துத் திடீரென்று, ஒரு மண்டலம் முடிகிறவரை சாமிப் பொட்டு அழியக்கூடாது, அதனால் வண்டியை யாரும் கழுவக்கூடாது என்று கட்டளை போட்டார். வெள்ளிக்கிழமைதோறும் அவரே பொட்டைப் புதுப்பித்தார். அதுவரை கோயிலுக்குக் கூப்பிட்டால் முட்டி வலிக்கிறது என்று சொன்ன மனிதர்.

ஒரு சனிக்கிழமை என்னைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். மறுநாள் கேரி தீவில் ஒரு சொந்தக்காரக் கல்யாணம். குடும்பமே புதுக் காரில் போகப் போகிறது. நான் போனபோது கிள்ளானில் தண்ணீர் தடை. மாணிக்கம் அங்கிள் முடிவெட்டிக்கொள்ளப் போயிருந்தார். சுகந்தியின் அம்மா, அதாவது ஆன்டி, வாசலில் நின்று காரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கார் தூசி படிந்து சாம்பல் நிறத்தில் இருந்தது.

"பாரு தம்பி, நாளைக்கு என் அக்கா எல்லாம் வருவாங்க. இந்தக் கோலத்துல போயி எறங்குனா என்னா நெனைப்பாங்க? கழுவலாம்னா தண்ணியும் இல்ல."

தண்ணீர் இல்லை என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்குள் இருந்த பிரசங்கி எழுந்துகொண்டான்.

"ஆன்டி, ஒரே ஒரு வாளி போதும்."

சுகந்தி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "ஏய், வேணாம்லா. அப்பா தொடக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு. அவரு இன்னும் ஓகே சொல்லல, ஞாபகம் இருக்கா?"

"ஓகே சொல்ல வைக்கத்தான் போறேன்" என்றேன். (இந்த வசனத்தை இன்றும் என் மனைவி மிமிக்ரி செய்து காட்டுவாள்.)

"அவரு கெடக்காரு, நீ தொடைப்பா" என்று ஆன்டி சேமித்து வைத்திருந்த தண்ணீரில் ஒரு வாளி கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

என் காரிலிருந்து மருந்தையும் துணிகளையும் எடுத்து வந்தேன். போர்ச்சில் நல்ல நிழல். வெறும் தூசி, சேறு இல்லை. கூரை, கண்ணாடி, கதவு என்று இலக்கணச் சுத்தமாக வந்தேன். துடைக்கத் துடைக்க நீலம் பளபளவென்று வெளியே வந்தது. மாமனார் கண்கலங்கி என்னைக் கட்டிப்பிடிக்கும் காட்சிவரை யோசித்துவிட்டேன்.

கடைசியில் முன்பக்கம். பானெட்டில் மூன்று பொட்டுகள். இடது பக்கச் சக்கரத்துக்கு மேலே தனியாக ஒரு பொட்டு, உள்ளங்கை அகலத்துக்கு, காய்ந்து தடித்துப் போயிருந்தது. அடைபோல இருந்த அதை மட்டும் விட்டுவிட்டால் கழுவியது கழுவியதாகவே தெரியாது. சாமி கோபித்துக்கொள்ளாது, வேண்டுமானால் புதிதாக வைத்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே அனுமதி வழங்கினேன். ஊறிய துணியை அதன்மேல் போட்டு, இளகும்வரை காத்திருந்து, அழுத்தாமல் மெதுவாக வழித்தேன்.

சந்தனம் வந்துவிட்டது. அதன் அடியில் ஒரு கீறல் இருந்தது.

சாதாரணக் கீறல் இல்லை. நீலம் போய் வெள்ளை தெரிகிற, விரலை வைத்தால் நகம் மாட்டுகிற கீறல். சந்தனத்தில் மணல் இருந்திருக்கிறது, அதை நான் பெயிண்டில் வைத்துத் தேய்த்திருக்கிறேன் என்று என் மூளை உடனே தீர்ப்பு எழுதியது. இத்தனை நாள் ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவன், போயும் போயும் இந்தக் காரிலா கீறல் போட வேண்டும்! கல்யாணம் போயிற்று. சுகந்தி போனாள். மிச்சமிருந்தது கையில் ஒரு ஈரத்துணி.

பிறகு நான் செய்தவை எதுவும் எந்த வீடியோவிலும் இல்லை. எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தேன். மருந்தை அப்படியே ஊற்றிப் பார்த்தேன். துணியைக் கீழே போட்டு, எடுத்து, அதே துணியால் துடைக்கப் போய், அழுக்குத் துணி காரைத் தொடக்கூடாது என்ற என் சொந்த விதியே நினைவுக்கு வந்து அதைத் தூக்கி எறிந்தேன். அப்புறம்தான் அந்த மகா யோசனை வந்தது. உள்ளே எட்டிப் பார்த்தேன்.

"ஆன்டி... கொஞ்சம் சந்தனம் கெடைக்குமா?"

ஆன்டி என்னை ஒரு நொடி பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை. கிண்ணத்தில் குழைத்துக் கொண்டு வந்து கொடுத்துவிட்டுப் போனார்.

அப்பினேன். பொட்டு வட்டமாக வரவில்லை. சரிசெய்யச் சரிசெய்யப் பெரிதாகிக்கொண்டே போய், காருக்கு மாவுக்கட்டு போட்டதுபோல் ஆகிவிட்டது. அந்த நேரம் பார்த்து கேட் திறந்தது. கழுத்தெல்லாம் பவுடரோடு அங்கிள் வந்து நின்றார்.

காரைப் பார்த்தார். ஈரச் சந்தனத்தைப் பார்த்தார். மஞ்சளாக இருந்த என் விரல்களைப் பார்த்தார்.

"யாரு... யாரு வண்டியத் தொட்டது?"

கேள்வி வழக்கமான உரத்த குரலில் வரவில்லை, கம்மி வந்தது. கோபத்தின் உச்சத்தில் குரல் இப்படித்தான் அடைக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அதற்குள் ஆன்டியும் சுகந்தியும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் பொய் வரவில்லை.

"நான்தான் அங்கிள். தொடைக்கிறப்ப கீறல் போட்டுட்டேன். மறைக்கிறதுக்கு சந்தனம் அப்பிட்டேன். சோரி அங்கிள். நானே பெயிண்ட் அடிச்சுத் தந்துடறேன்."

சுகந்தி கண்ணை மூடிக்கொண்டாள். நான் கன்னத்தில் ஓர் அறையை எதிர்பார்த்து நின்றேன்.

அங்கிள் மனைவியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பெரிதாக ஒரு மூச்சு விட்டார்.

"பரவால்ல தம்பி. வண்டின்னா கீறல் விழத்தான் செய்யும். மனுஷன்தான் முக்கியம்."

செருப்போடு அந்தக் காரில் ஏறியதற்காக மகளிடம் இரண்டு நாள் பேசாமல் இருந்தவர் இவர். சுகந்தி வாய் பிளந்து நின்றாள். அவர் என் தோளில் கை போட்டு வீட்டின் பின்பக்கம், துணி காயும் இடத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார். அங்கே போனதும் அவர் குரல் இன்னும் இறங்கியது. அவரால் அப்படிப் பேச முடியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

"தம்பி, அது நீ போட்டது இல்ல."

"அங்கிள்?"

"வண்டி எடுத்த மறு வாரம், பாசாருக்குக் காய்கறி வாங்கப் போனப்ப, கார் பார்க்குல தூணுல ஒரசிட்டேன். இந்த வயசுல உங்களுக்கு எதுக்குப் புதுக் காருன்னு ஆன்டி ஆரம்பத்துலருந்தே சொல்லிட்டு இருந்தா. தெரிஞ்சா சாவியப் புடுங்கிருவா."

எனக்கு அப்போது வந்த நிம்மதியை எப்படிச் சொல்வது? அங்கே கவிழ்த்து வைத்திருந்த வாளிமேல் உட்கார்ந்துவிட்டேன். என் கை குற்றமற்றது, என் துணி குற்றமற்றது, ஒரு மூடி மருந்து குற்றமற்றது! சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவர் பதறிப்போய் என் வாயைப் பொத்தினார்.

"நீயே போட்டதா இருக்கட்டும், என்னா?" என்றார். கொஞ்சம் யோசித்து, "கல்யாணத்த தைப்பூசத்துக்கு அப்பறம் வெச்சுக்கலாமா?" என்றும் கேட்டார்.

அப்படித்தான் எனக்குக் கல்யாணம் ஆனது. அப்படித்தான் நான் கார் கீறிய மாப்பிள்ளையும் ஆனேன். சொந்தக்காரர்கள் வீட்டில் நான் நுழைந்தால் யாராவது ஒருவர் சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். குழந்தைகள்கூட என் கையில் துணியைப் பார்த்தால் "மாமா வராரு, காரை எடுங்க!" என்று கத்தும். இன்றைக்கும் நான் மருந்தும் துணியுமாகத்தான் வண்டி துடைக்கிறேன். என் வண்டியை மட்டும்.

போன தீபாவளிக்கு யாரோ அந்தக் கதையை மறுபடி எடுத்தார்கள். கல்யாணத்துக்குப் பிறகு எனக்கு மாமாவாகிவிட்ட அங்கிள் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். எனக்குக் கொஞ்சம் பொறுக்கவில்லை. சமையலறைக்குப் போய், முறுக்கு அடுக்கிக்கொண்டிருந்த, அதேபோல் ஆன்டியிலிருந்து அத்தையாகிவிட்ட மாமியாரிடம், "அத்தை, ஒரு விஷயம் சொல்லணும், அந்தக் கீறல்..." என்று ஆரம்பித்தேன்.

"தூணுல ஒரசுனது" என்றார் அத்தை, தலையைத் தூக்காமல். "பக்கத்து வீட்டு அக்கா அன்னிக்கு பாசார்லதான் நின்னுட்டு இருந்தாங்க."

"தெரிஞ்சுமா என்னைத் தொடைக்கச் சொன்னீங்க?"

"பொட்டு போயிட்டா அவரு தானா ஒத்துக்குவாருன்னு நெனைச்சேன். நீ முந்திக்கிட்டே." தட்டை என் கையில் கொடுத்தார். "செய்யாத தப்பையே ஒத்துக்கிறவன், செஞ்சா மறைக்க மாட்டான்னு அப்பவே முடிவு பண்ணிட்டேன். மாமாகிட்ட மட்டும் சொல்லிடாதே. பாவம், சந்தோஷமா இருக்காரு."