பதினெட்டுக் கால் சுற்று

திண்டுக்கல்லில் அவசரம் என்ற சொல்லையே கேள்விப்படாமல் வாழ்ந்த ஒரே மனிதர் எங்கள் கால்சுத்துதான். வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் ஃபிட்டர். ஞாயிறு காலையில் சைக்கிளோடு கிளம்பும் எங்கள் பத்துப் பேர் கூட்டத்துக்கு டாக்டர், ஜோசியர், நீதிபதி எல்லாம் அவர்தான். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். நாங்கள் யாரும் கேட்டதில்லை. எந்தத் திருகாணியையும் ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்ப மாட்டார். திருப்புவார், பெடலைச் சுற்றிப் பார்ப்பார், யோசிப்பார், மறுபடி கால் சுற்று. அதற்குள் நாம் வீட்டுக்குப் போய் நாலு இட்லி சாப்பிட்டுவிட்டு வந்துவிடலாம்.

ரேஸ் சைக்கிளில் மிதிகட்டைப் பக்கம் இரண்டு பல்சக்கரங்கள் இருக்கும். பெரியது வேகத்துக்கு, சின்னது மேட்டுக்கு. செயினை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தள்ளிவிடும் சின்ன இரும்புக் கூட்டுக்கு முன் டீரெய்லர் என்று பெயர். மனிதரைப் பைத்தியமாக்குவதற்கென்றே செய்த சாமான் அது. கொஞ்சம் உள்ளே தள்ளி நின்றால் உரசும், கொஞ்சம் வெளியே போனால் செயின் கழன்று தொங்கும்.

கால்சுத்துவின் வீட்டுக் கூடத்தில் தொட்டில் கட்டிய கொக்கி ஒன்று இருந்தது. பிள்ளைகள் வளர்ந்துவிட்டதால் அதில் எங்கள் சைக்கிள்களைக் கயிறு கட்டித் தொங்கவிடுவார். ஒற்றை ரூபாய் நாணயத்தை எடுத்து, பெரிய சக்கரத்தின் பல்லுக்கும் கூட்டின் தகட்டுக்கும் நடுவில் நுழைப்பார். நாணயம் சிக்காமல் போய் வர வேண்டும். அதற்குப் பிறகுதான் திருகாணியைத் தொடுவார்.

"எம்புள்ளைகளக்கூட இந்த மனுசன் இம்புட்டு நேரம் ஆட்டுனதில்ல" என்பார் அவர் மனைவி, எங்களுக்குக் காபியை வைத்துக்கொண்டே.

ஒருமுறை ஜவுளிக்கடைக்காரர் ஒருவர், சைக்கிளில் எங்கேயோ உரசுகிறது என்று வந்தார். "சத்தத்த ஓடுறப்பத்தான் கேக்கணும்" என்று சொல்லிவிட்டு, அவரை மிதிக்கவிட்டு, இவர் மொபெட்டில் பக்கத்திலேயே போனார். தலையைச் சாய்த்துக் காதைச் செயினுக்கு நேரே வைத்துக்கொண்டு போனவர், அய்யலூர்ச் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்த ஆட்டு மந்தைக்குள் அப்படியே நுழைந்துவிட்டார். ஆடுகளுக்கு நடுவில் மொபெட்டும் அவரும் கிடந்தார்கள்.

"ஏலே, காத அங்க வச்சாலும் கண்ண ரோட்டுல வைக்க மாட்டியா?" என்று கத்தினார் ஆட்டுக்காரர்.

பின்னால் வந்த நாங்கள் பதறி ஓடினோம். கால்சுத்து படுத்தபடியே சொன்னார்: "உள்தகடுதான் உரசுது. அப்பவே நெனச்சேன்."

அப்பேர்ப்பட்டவர் என் சைக்கிளிடம் தோற்றுப்போனார்.

நான் பள்ளிக்கூட வாத்தியார். வேடசந்தூர் ரோட்டில் என்னை முந்த எங்கள் கூட்டத்தில் ஆள் கிடையாது. அப்படி இருந்தவனுக்கு ஒருநாள் நெஞ்சு வலி வந்து, ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். "பேசிக்கிட்டே ஓட்டுற வேகத்துல ஓட்டுங்க. அதுக்கு மேல வேண்டாம்" என்றார் டாக்டர். தலையாட்டிவிட்டு வந்தேன். நான்கே மாதத்தில் செயின் மறுபடி பெரிய சக்கரத்துக்கு ஏறிவிட்டது.

ஒரு ஞாயிறு, எல்லாரையும் முந்திக்கொண்டு போய் டீக்கடையில் நின்றேன். அடுத்து மொபெட்டில் வந்து சேர்ந்தவர் கால்சுத்து. வேர்த்துக் கொட்டி, உதடு கறுத்து நின்ற என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"வெயில்ண்ணே" என்றேன். மணி காலை ஏழு.

"செயின் உரசுது. சைக்கிள விட்டுட்டுப் போங்க வாத்தியாரே" என்றார்.

திரும்பி வந்த சைக்கிளில் செயின் பெரிய சக்கரத்துக்கு ஏறவே இல்லை. கைப்பிடியில் இருக்கும் கியர் லிவரை அழுத்தினால் பாதியில் நின்றது. மறுபடி தூக்கிக்கொண்டு போனேன். கேபிள் செட்டாகணும் என்றார். அதற்கடுத்த முறை தகடு வளைந்திருக்கிறது என்றார். ஐந்து தடவை கொக்கியில் தொங்கியும் குணமாகவில்லை. "கால்சுத்துக்குக் கண்ணு மங்கிப்போச்சுப்பா" என்று கூட்டத்தில் சிரித்தார்கள். இரண்டு பேர் தங்கள் சைக்கிளை வேறு கடைக்குக் கொண்டுபோனார்கள். எல்லார் முன்னாலும் நானும் வாயை விட்டேன்.

"தெரியலன்னா தெரியலன்னு சொல்லிருங்கண்ணே."

அவர் ரூபாயைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

கடைசியில் செல்போனில் வீடியோ பார்த்து நானே இறங்கினேன். கூடு வெளிப்பக்கம் எவ்வளவு போகலாம் என்று தடுத்து வைக்கத் தனியாக ஒரு திருகாணி இருக்கிறதாம். அதைக் கால் கால் சுற்றாகத் தளர்த்தினேன். பதினெட்டாவது கால் சுற்றில் செயின் டக்கென்று ஏறியது. நாலரை முழுச் சுற்று! அந்தக் கையில் அப்படி ஒரு தவறு நடக்காது என்று எனக்கு உறைத்தது. ஆனாலும் ஆசை யாரை விட்டது?

மறுநாள் காலை மில் பஸ் ஒன்றை முந்தினேன். அடுத்த பாலத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஆட்டோ பிடித்து டாக்டரிடம் போய், நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு, சாயங்காலம் சைக்கிளை உருட்டியபடி கால்சுத்து வீட்டுக்குப் போனேன்.

"நாலரைச் சுத்துண்ணே" என்றேன்.

"பதினெட்டு" என்று திருத்தினார்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"டாக்டரு சொல்லியே கேக்கல. ஃபிட்டரு சொல்லியா கேக்கப்போறீங்க?"

"எல்லாரும் ஒங்களக் கேலி பேசுனாங்களேண்ணே. நானும்தான் பேசுனேன்."

"பேசுனா பேசிட்டுப் போறாய்ங்க. பேசுறதுக்கு நீங்க இருக்கணும்ல வாத்தியாரே?"

சைக்கிளை நானே தூக்கித் தொட்டில் கொக்கியில் மாட்டினேன். "பழையபடியே வச்சிருங்கண்ணே" என்றேன். கால் சுற்று திருப்பினார், பெடலைச் சுற்றினார், என் முகத்தைப் பார்த்தார். இன்னொரு கால் சுற்று. பதினெட்டு முறையும் அப்படித்தான். அன்றைக்கு நான் இட்லி சாப்பிட எழுந்து போகவில்லை.

இப்போது கால்சுத்து தன் மகள் வீட்டோடு ஒட்டன்சத்திரத்தில் இருக்கிறார். நான் ஞாயிறுதோறும் கூட்டத்தில் கடைசி ஆளாக, பேசிக்கொண்டே ஓட்டிப்போகிறேன். நல்ல ரோட்டைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. லிவரை அழுத்திப் பார்ப்பேன். பாதியில் நின்றுவிடும். கால்சுத்தண்ணன் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று தோன்றும், மனசு நிறைந்துவிடும்.