ததும்பும் கிண்ணம்

கிண்ணம் விளிம்புவரை நிறைந்திருந்தது. மெய்ராம் அதையே உற்றுப் பார்த்தான்.

கஜகஸ்தானின் அல்மாத்தி நகரில் விருந்தாளிக்கு அரைக் கிண்ணம் தேநீர்தான் ஊற்றுவார்கள். தீரத் தீர ஊற்றுவதுதான் மரியாதை. ததும்ப ஊற்றினால், குடித்துவிட்டு நடையைக் கட்டு என்று பொருள்.

மூத்த மென்பொருள் பொறியாளர் வேலைக்கு நேர்முகம். வந்து உட்கார்ந்ததும் இப்படியா? "நான் ஜனார், உட்காருங்க" என்று சொன்னவள்தான் ஊற்றினாள். மேசைக்கு அந்தப் பக்கம் மடிக்கணினியோடு நிதானமாக இருந்தாள்.

காலையில் மனைவி தோர்கின் சொல்லித்தான் அனுப்பியிருந்தாள்: "இதுவும் போச்சுன்னா எங்கண்ணன் ஆட்டுப் பண்ணைக்குக் கிளம்புங்க. ஆடுங்க உங்க முன் அனுபவத்தை எல்லாம் கேக்காது."

கிண்ணம் நிறைந்திருப்பதுதானே சிக்கல்? மெய்ராம் ஒரே மூச்சில் குடித்தான். நாக்கு வெந்தது.

"அடடா, நல்ல தாகம் போல" என்று மறுபடி ததும்ப ஊற்றினாள் ஜனார். "ஒண்ணு கேக்கலாமா? ஒரே நேரத்துல லட்சம் பேர் வந்து மொய்ச்சா, சர்வரை எப்படிக் காப்பாத்துவீங்க?"

"வரிசையில நிக்க வைப்பேன்" என்றான், வெந்த நாக்கோடு.

"வரிசையும் நீண்டுட்டா?"

"சில பேரை மரியாதையாத் திருப்பி அனுப்பிடணும்."

ஜனார் சிரித்தாள். "நானும் அதைத்தான் செய்வேன்."

சரியான பதில். மெய்ராம் அந்தக் கிண்ணத்தையும் காலி செய்தான். ஆனாலும் கெட்டில் சாய்ந்தது. தேநீர் மீண்டும் விளிம்பைத் தொட்டது.

மெய்ராம் இறங்கி வந்தான். "ராத்திரி கூப்பிட்டாலும் வருவேன். ஞாயித்துக்கிழமைன்னாலும் சரி."

"இங்க அப்படித்தான் கூப்பிடுவாங்களாம். பாவம், உங்க வீட்டுக்காரம்மா."

"சம்பளம்கூடக் கொஞ்சம் குறைச்சே..."

"ஐயோ, அதெல்லாம் பேசாதீங்க!" முதன்முறையாக அவள் பதறினாள். அந்தப் பதற்றத்தில் ஊற்றியது கிண்ணத்தைத் தாண்டி, மேசையைத் தாண்டி, அவன் கால்சட்டையில் இறங்கியது.

இதற்கு மேல் எப்படித்தான் சொல்வார்கள்? மெய்ராம் எழுந்தான்.

"அப்போ நான் கிளம்பட்டுமா?"

"உங்க இஷ்டம்ங்க. வெளிய பனி வழுக்குது, பார்த்துப் போங்க."

லிஃப்டுக்குக் காத்திருந்தபடி மனைவிக்குச் செய்தி அனுப்பினான்: 'அண்ணன்கிட்ட சொல்லிடு, வர்றேன்.'

பக்கத்தில், அலுவலக வாசலில் உட்கார்ந்திருந்த வயதான காவலாளி நிமிர்ந்து பார்த்தார். "என்ன தம்பி, அதுக்குள்ள கிளம்பிட்டீங்க? உள்ள இன்னும் உங்க பேரையே கூப்பிடலையே?"

"அதான் அந்த மேடம் எல்லாம் கேட்டு முடிச்சுட்டாங்களே, ஐயா."

காவலாளி அவனுடைய நனைந்த கால்சட்டையைப் பார்த்துத் தலையாட்டினார்.

"ஜனாரா? அதுவும் இதே வேலைக்கு வந்திருக்கிற பொண்ணுதான் தம்பி. டீயைக் குடிச்சுட்டு வீட்டுக்குப் போற நாலாவது ஆளு நீங்க."