சின்ன டோஸ் டாக்டரும் மேடு ஏறாத காரும்

நாக்கை நீட்டச் சொல்லாத குறையாக ஒரு காரைப் பரிசோதித்து வைத்தியம் பார்த்த மனிதர் உலகத்திலேயே ஒருத்தர்தான். தொண்ணூறுகளில் பெங்களூர் அல்சூரில் நான் குடியிருந்த மாடி வீட்டுக்குக் கீழே அவர் ஹோமியோபதி பார்த்துக்கொண்டிருந்தார். என்ன நோயென்று போனாலும், "கடுகளவு போதும். சின்ன டோஸ்தான் வேலை செய்யும்" என்பார். அதனால் தெருவுக்கே அவர் சின்ன டோஸ் டாக்டர். சொந்தப் பெயர் வாசல் போர்டில் இருந்தது. அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

குடகில் காபி எஸ்டேட் வைத்திருந்த ஒருவரின் ரத்தக்கொதிப்புக்கு டாக்டர் மருந்து கொடுத்தார். நன்றிக்கடனாக அந்த மனிதர் தன்னுடைய பழைய ஸ்போர்ட்ஸ் காரை டாக்டர் தலையில் கட்டிவிட்டார். இரண்டே சீட், மேலே கூரை கிடையாது. கார் வாசலைத் தாண்டிய அன்றைக்கே அவருக்குக் கொதிப்பு இறங்கிவிட்டதாம். டாக்டர் அதைத் தன் மருந்தின் கணக்கில் சேர்த்துக்கொண்டார். எனக்கு வேறு அபிப்பிராயம் உண்டு.

அது சூப்பர்சார்ஜர் வைத்த கார். அடம்பிடிக்கிற குழந்தைக்குச் சோறு ஊட்டுவது போல, என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கிற சாதனம் அது. ஒரு பெல்ட்டில் சுற்றும். சுற்றும்போது 'ஊய்ய்ய்' என்று கத்தும். டாக்டரின் மனைவி சரோஜா அம்மா ஒருநாள், "இதுல எதுங்க முக்கியம்?" என்று கேட்டார். டாக்டர் பெல்ட்டைக் காட்டி, "இதான் இவளுக்குத் தாலி மாதிரி. இது போனா எல்லாம் போச்சு" என்றார்.

சமதரையில் வண்டி பறக்கும். மேடு வந்தால் அந்த ஊய் சத்தம் அடங்கி, வண்டி இளைத்துப்போய் நின்றுவிடும். ஸ்கூட்டரில் பின்னாலேயே போய்த் தள்ளுவது, மாடி வீட்டுக்காரன் என்ற முறையில் என் பொறுப்பு.

மெக்கானிக்கிடம் காட்டலாமே என்றால் டாக்டருக்குக் கோபம் வரும். "அவன் பார்ட்டை மாத்துவான். நான் குணப்படுத்துவேன்."

பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு, "மேடு ஏறும்போது மட்டும்தான் மூச்சு வாங்குதா? மழைக்காலத்துல ஜாஸ்தியா?" என்று கேட்பார். பெஞ்சில் காத்திருக்கும் கன்னடத்து இருமல்காரர் பயந்துபோய், "எனக்கு வெறும் கெம்மு டாக்டரே" என்பார். கார்புரேட்டர் திருகை எட்டில் ஒரு பங்கு திருப்புவார். பிறகு ஒரு வாரம் தொடமாட்டார். மருந்து வேலை செய்ய அவகாசம் தரவேண்டுமாம். அடுத்த வாரம் இக்னிஷன் டைமிங்கில் மயிரிழை மாற்றம். ஒருமுறை எங்கே காற்று கசிகிறதென்று பார்க்க, பெட்ரோல் இருக்கிற இடத்தில் ஊதுபத்தியைக் கொளுத்திக் குழாய் குழாயாகக் காட்டினார். எதிர்வீட்டுக்காரர்கள் பூஜை என்று நினைத்துத் தேங்காயோடு வந்துவிட்டார்கள். அதையும் உடைத்து எல்லோருக்கும் கொடுத்தார்.

பெல்ட்டில் செம்மண் நிறத்தில் ஏதோ படிந்திருப்பதை நான் ஒருநாள் காட்டினேன். "துரு தம்பி. அது வெளி அறிகுறி. நோய் உள்ள இருக்கு" என்று என்னை அனுப்பிவிட்டார்.

அம்மாவின் பொறுமைக்கும் ஒரு எல்லை உண்டு. "எனக்குத் தலைவலின்னா ஒரு உருண்டை. அவளுக்கு ஒண்ணுன்னா கிளினிக்கே லீவு" என்று என்னிடம் புலம்புவார். ஒரு ஹோட்டல்காரர் வேறு காரை விலைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். ஹோட்டல் வாசலில் நிறுத்தி, டிக்கியில் மண் கொட்டிச் செம்பருத்தி வளர்க்கப்போகிறாராம். அதைக் கேட்டதிலிருந்து டாக்டருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அம்மா தீர்ப்புச் சொன்னார். "ஞாயித்துக்கெழம என்னை நந்தி மலைக்குக் கூட்டிட்டுப் போங்க. தள்ளாம உச்சிக்குப் போச்சுன்னா வண்டி இங்கயே இருக்கட்டும். இல்லன்னா செம்பருத்திதான்."

மலையில் பாதி வளைவுகள்கூடத் தாண்டவில்லை, சத்தம் அடங்கியது. வண்டி நின்றது. நான் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு வழக்கம்போல் சட்டைக் கையை மடித்தேன். "தள்ளாதே தம்பி" என்றார் டாக்டர். அம்மா இறங்கிப்போய்ப் பள்ளத்தாக்கைப் பார்த்து நின்றுகொண்டார்.

பானெட்டைத் திறந்த டாக்டர், வேறு வழி தெரியாமல், வாழ்க்கையில் முதல்முறையாக அந்தப் பெல்ட்டின் உட்பக்கத்தைக் கர்சீஃபால் துடைத்தார். கர்சீஃப் ஆரஞ்சாகிவிட்டது. முகர்ந்து பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். ஆஞ்சநேயர் கோயில் செந்தூரம், நெய்யில் குழைத்தது.

பெல்ட்தான் தாலி என்று இவர் சொன்னாரல்லவா? தாலிக்குக் குங்குமம் வைப்பது போல, ஒவ்வொரு தடவை வண்டி கிளம்பும் முன்பும் அம்மா யாருக்கும் தெரியாமல் அதில் செந்தூரம் வைத்திருக்கிறார். மனுஷர் முழுசாக வீடு திரும்பவேண்டுமே என்ற பயம். அந்த நெய்யில் பெல்ட் வழுக்கியது. மேட்டில் பாரம் கூடியதும் சூப்பர்சார்ஜர் சுற்றாமல் போனது. இத்தனை நாள் வைத்தியமும் ஆரோக்கியமான என்ஜினுக்கு நடந்திருக்கிறது.

"என்னங்க ஆச்சு?" என்றார் அம்மா, திரும்பாமலே.

டாக்டர் கர்சீஃபைக் கொஞ்சம் பெட்ரோலில் நனைத்துப் பெல்ட்டை நன்றாகத் துடைத்தார். அதை மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார். "ஒண்ணுமில்ல சரோ. எட்டுல ஒரு பங்கு திருப்பினேன். உக்காரு."

அன்றைக்கு மலை முழுக்க அந்த ஊய் சத்தம் கேட்டது. என் ஸ்கூட்டர்தான் பின்னால் திணறிக்கொண்டு வந்தது. உச்சியில் அம்மா கலைந்த தலையைச் சரிசெய்துகொண்டே, "அந்த ஹோட்டல்காரரை வேற தொட்டி பாத்துக்கச் சொல்லுங்க" என்றார்.

அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிறும் வீட்டிலிருந்து என்னோடு கிளம்பி, அல்சூர் ஏரி முனை திரும்பியதும் வண்டியை நிறுத்திக் கர்சீஃபை எடுப்பார். சில வாரம் என் கர்சீஃபும் வேலை செய்யும். "அம்மாகிட்ட சொல்லிடலாமே சார்" என்றேன்.

"சொன்னா நிறுத்திடுவா தம்பி."

"அதுக்குத்தானே?"

"அப்புறம் நான் திரும்பி வர்ற வரைக்கும் வாசல்லயே நின்னுட்டிருப்பா."

டாக்டர் போய்ச் சேர்ந்த பிறகு ஒருமுறை அம்மாவைப் பார்க்கப் போனேன். பேச்சோடு பேச்சாகக் கர்சீஃப் விஷயத்தை, இனிமேல் சொன்னால் என்ன என்று, சொல்லிவிட்டேன். அம்மா சிரித்தார்.

"அந்தக் கர்சீஃபைத் தோச்சது யாருன்னு நெனச்சே? எனக்கு மொத வாரமே தெரியும். வெக்காம அனுப்பவும் மனசு வரல. அதான் அன்னைலேர்ந்து கடுகளவு வெச்சேன். அவரோட டோஸ்."

ஷெட்டில் கார் துணி போர்த்தி நின்றிருந்தது. பானெட்டைத் தூக்கிப் பார்த்தேன். பெல்ட்டின் உட்பக்கம் கடுகளவில் ஒரு ஆரஞ்சுப் பொட்டு, ஈரம் காயாமல் இருந்தது. பழக்கதோஷத்தில் கை கர்சீஃபை எடுத்துவிட்டது. அப்படியே மறுபடி பாக்கெட்டில் வைத்துக்கொண்டேன்.