காகிதத்துக்குத் தெரியாத கன்று

கேரள எல்லையில் கால்நடைகளைச் சோதிக்கும் சாவடிகள் பல உண்டு. அவற்றுள் ஒன்றில் நடந்ததைத்தான் எழுதுகிறேன். எது என்று எழுதினால், அடுத்த முறை என் ஆடுகளுக்குக் காய்ச்சல் இருப்பதாகக் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆகவே பொதுநலன் கருதி ஊர்ப் பெயர் வேண்டாம்.

அந்தச் சாவடியின் அதிகாரி நாராயண் சார், பாலக்காட்டுக் கல்பாத்திக்காரர். மாடுகளைப் பற்றி அவருக்குப் பெரிதாக அபிப்பிராயம் எதுவும் கிடையாது. அவருடைய உயிரெல்லாம், எப்போதோ காலமாகிவிட்ட ஓர் அமெரிக்க இயக்குநரின் திகில் படங்களில் இருந்தது. அந்தப் பெயரை நாங்கள் தப்பாக உச்சரித்தால் சாருடைய முகம் வாடிவிடும். அதனால் எல்லோரும் 'அமெரிக்கக்காரர்' என்றே சொல்வோம்.

அந்தப் படங்களை அலசுவதற்குச் சார் ஒரு பாட்காஸ்ட் நடத்தினார். பெயர் 'நாற்காலி நுனியில்'. கிளார்க் ரமேஷ்குமார் கேள்வி கேட்பார், சார் பதில் சொல்வார். அலுவலக அறையிலிருந்து, அலுவலக நேரத்தில், நேரலை. வீட்டில் மிக்சி சத்தமாம்.

கேட்க ஆள் இல்லையே என்ற குறையே வரவில்லை. நிகழ்ச்சி முடியும்வரை பர்மிட்டில் முத்திரை விழாது. வரிசையில் நிற்கிறவர்கள் வேறு என்னதான் செய்வது? போனில் அதையே கேட்போம். மாட்டுத் தரகர்கள்கூடப் பல்லைப் பிடித்துப் பார்ப்பதை விட்டுவிட்டு, கொலைகாரனின் நிழலை மட்டும் காட்டும் நயத்தைப் பேசத் தொடங்கினார்கள். சுவரில் ஓர் அறிவிப்பும் ஒட்டப்பட்டது: 'ஒலிப்பதிவின்போது கால்நடைகள் கத்துவது கண்டிப்பாகத் தவிர்க்கப்பட வேண்டும்.' மாடுகள் தம்மால் இயன்றவரை ஒத்துழைத்தன.

சென்ற மாசியில் ஒரு நாள், எல்லைக்கு அப்பால் வேலந்தாவளம் பக்கத்து விவசாயி மாரப்பன், பொள்ளாச்சிச் சந்தையில் வாங்கிய சினை மாட்டோடு மினி லாரியில் வந்து நின்றார். கூடவே மனைவி மருதாத்தாள். நான் என் ஆடுகளோடு பின்னால் நின்றேன்.

மாட்டுக்கு வலி கண்டுவிட்டது.

பர்மிட்டில் ஒரு மாடுதான். சாவடியின் தடுப்புக் கம்பத்தைத் தாண்டி ஈன்றால் கவலையில்லை. இந்தப் பக்கமே ஈன்றால் கன்று இரண்டாவது உருப்படி. அதற்குத் தனிப் பர்மிட், தடுப்பூசிச் சான்று, காதில் அடையாள வில்லை. எல்லாவற்றுக்கும் திரும்பப் பொள்ளாச்சி.

மாரப்பன் அறைக்கதவைத் தட்டினார். "ஏனுங்க சார், மாடு கன்னு போடப் போகுதுங்க. ஒரு சீல் மட்டும் போட்டுட்டீங்கன்னா அக்கட்டால போயிருவமுங்க."

நாராயண் சார் மைக்கைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். முகத்தில் அப்படியொரு ஒளி.

"நேயர்களே, இதான் சஸ்பென்ஸ், கேட்டேளா. உள்ள ரெண்டு உயிர் இருக்குன்னு நமக்குத் தெரியும். காகிதத்துக்குத் தெரியாது. அமெரிக்கக்காரர் பண்ணினதும் இதேதான்."

"சீலுங்க சார்," என்றார் மாரப்பன்.

"இருங்கோ. இதுக்கெல்லாம் காரணம் யாரு?"

"எதுக்குங்க?"

"இந்த மாடு இப்படி ஆனதுக்கு."

"காளைன்னு சொல்ல முடியாதுங்க. சினை ஊசி போட்டதுங்க."

"பார்த்தேளா, குற்றவாளி சம்பவ இடத்துலயே இல்லை. ஊசி போட்டது யாரு?"

"கவர்மெண்டுதானுங்க."

ரமேஷ்குமார் மைக்கைக் கையால் பொத்தினார். "சார், லைவ்ல போயிட்டிருக்குது."

அதற்குள் கன்று விழுந்துவிட்டது. நல்ல செவலைக் கிடாரி. சார் மைக்கை அதன் வாயருகே நீட்டினார். அது மைக்கை நக்கிப் பார்த்தது.

உடனே தீர்ப்பு வழங்கப்பட்டது. மேற்படி கன்று தமிழ்நாட்டதா, கேரளத்ததா என்பது மேலிடத்தின் பரிசீலனைக்கு உரியது. முடிவு தெரியும்வரை கன்று அரசாங்கப் பாதுகாப்பில் இருக்கும். தாய் மாடு போகலாம்.

"பாலு யாருங்க குடுப்பாங்க? உங்க மைக்கா?" என்றாள் மருதாத்தாள்.

"அதை அடுத்த எபிசோட்ல பார்ப்போம்," என்று சொல்லிவிட்டு, முடிவுரைக்காகச் சார் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெளிச்சத்தம் நுழையாமலிருக்க ஜன்னலிலும் மெத்தை கட்டியிருந்தது.

மருதாத்தாள் கதவைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள். கன்றைச் சாக்கில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு கம்பத்தைச் சுற்றி நடந்துபோனாள். நடந்து போகிற மனிதர்களுக்குப் பர்மிட் தேவையில்லை. சாக்கிலிருந்து நான்கு கால்கள் தொங்கின. வரிசை முழுவதும் வானத்தைப் பார்த்தது. கம்பம் தூக்கும் ஊழியர் கண்ணை மூடி, காதில் இயர்போனோடு முடிவுரையைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இந்த நிமிஷம் கன்று என் பாதுகாப்புல பத்திரமா இருக்கு," என்றார் சார், எங்கள் எல்லோருடைய போனிலும்.

நிகழ்ச்சி முடிந்தது. ரமேஷ்குமார் வெளியே வந்து லாரிக்குள் எட்டிப் பார்த்தார். காகிதத்தில் ஒன்று, வண்டியில் ஒன்று. திருப்தியோடு முத்திரை குத்தினார்.

கன்று காணாமல் போனது பற்றி மேலிடத்துக்குத் தகவல் போகவில்லை. ஆவணங்களின்படி அப்படியொரு கன்று பிறக்கவே இல்லை. பாட்காஸ்ட்டில் மட்டும் அது பிறந்து, மறைந்து, மர்மத் தொடராகிவிட்டது. கடத்தல் கும்பலா, உள்ளூர்ச் சதியா என்று சார் வாராவாரம் அமெரிக்கக்காரரின் ஒவ்வொரு படத்தையும் சாட்சிக்கு அழைத்து ஆராய்ந்தார். மறையூர் வெல்லக் கொட்டகைகளில்கூட அடுப்பைக் கிளறிக்கொண்டே கேட்கிறார்களாம். கன்று கிடைக்க வேண்டும் என்று ஒரு பெண்மணி நேர்ந்துகொண்டதாகவும் கேள்வி.

போன வாரம் மாரப்பன் வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் மருதாத்தாள் பால் கறந்துகொண்டிருந்தாள். கறவைக்காகத் தள்ளிக் கட்டியிருந்த செவலைக் கன்று கயிற்றை இழுத்துக்கொண்டு நின்றது. கட்டிலில் கிடந்த போனில் 'நாற்காலி நுனியில்' ஓடிக்கொண்டிருந்தது.

"உக்காருங்க," என்றார் மாரப்பன், குரலைத் தாழ்த்தி. "கும்பல இன்னைக்குக் கண்டுபுடிச்சுருவாராட்ட இருக்குது."

"பாவம், பச்சக் கன்னு," என்றாள் மருதாத்தாள், கறப்பதை நிறுத்தாமல். "எந்தப் பாவிக கையில இருக்குதோ."

அவிழ்த்துவிடச் சொல்லிக் கன்று கத்தியது.

"உஷ்," என்றோம் மூவரும்.